லயத்துப் பாட்டும் அச்செழுத்தும்

மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றித் தமிழில் அச்சேறிய ஆரம்பகாலச் செய்யுள் நூல்களுள் ஒன்று 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. தோட்ட உத்தியோகத்தரான ஆபிரகாம் ஜோசப் 1869இல் அதனை வெளியிட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையே அதன் பொருள். அப்பயிரை நட்டவர்களுக்கும் பாட்டு இருந்தது. கங்காணியின் கணக்கையும், பிரட்டுக்களத்து ஏச்சையும், பிரிந்து வந்த ஊரையும் அவர்கள் பாடினர். ஆனால் அப்பாட்டை அச்சுக்குக் கொண்டுசெல்வார் எவருமிலர். மேற்பார்வை செய்தவரின் கும்மி நூலாகி நின்றது. உழைத்தவரின் பாட்டு நூறாண்டுக்கு மேல் வாய்மொழியாகவே அலைந்தது. மலையக இலக்கிய மரபைப் பேணுவது பற்றிப் பேசுவோர் இவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடியே மக்களைத் திரட்டியவர். அரசாங்க இலாகாக்களிலிருந்து இந்தியத் தொழிலாளரை நீக்க 1939இல் முடிவு செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1940இல், அம்மையார் தம் பாடல்களைச் சிறு நூலாக வெளியிட்டார். பண்டித உலகு அதனை இலக்கியமென ஏற்றிருக்குமா என்பது வேறு விஷயம். நடேசய்யர் 1947இல் மறைந்தார். அவருடைய பணியை விரிவாக எடுத்துரைக்கும் நூல் ஒன்று, சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்', 1988இலேயே வந்தது. இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள்! அதனை எழுதியவரும் மலையகத்தவரே. பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி எழுத்தாளர் தம் தோளிற் சுமந்தார்.

சி. வி. வேலுப்பிள்ளையின் வரலாறு இன்னும் கசப்பானது. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் பறிபோயிற்று. பாராளுமன்றத்தில் ஒலிக்க முடியாது போன குரல் கவிதையில் ஒலித்தது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையை, சக்தீ பால ஐயா பின்னர் தமிழாக்கினார். தம் மக்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியதைக் குறைகூறுவோர் உளர். தேயிலையைக் குடித்த உலகுக்கு அதன் விலையை அதன் மொழியிலேயே சொல்ல அவர் விரும்பினார் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அவருடைய தலையாய பணி வேறொன்று. லயங்களிலே வழங்கிய பாடல்களைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் நூலாக்கினார். மறு ஆண்டில் அவர் காலமானார். சற்றுத் தாமதித்திருந்தால்? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பெட்டிகளைச் சோதித்த அதிகாரிகள் அவர்களுடன் சென்ற தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்துவைக்கவில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியோருடன் எத்தனை பாடல்கள் மலையேறினவோ!

எழுதுவோருக்குப் பரிசும் பொன்னாடையும் வேண்டாமென்பதில்லை. 1960களில் 'வீரகேசரி' நடத்திய சிறுகதைப் போட்டிகளால் மலையக இளைஞர் பலர் எழுதத் துணிந்தனர். ஆனால் பத்திரிகையில் வந்த கதை மறுவாரம் பொட்டலம் கட்டப் போய்விடும். அவ்வாறு சிதறிக் கிடந்தவற்றைத் தெளிவத்தை ஜோசப் தேடித் தொகுத்தார்; துரை விஸ்வநாதன் தம் துரைவி பதிப்பகத்தின் மூலம் 1997இல் வெளியிட்டார். தெளிவத்தை ஒரு தோட்டம். அங்கு ஆசிரியராயிருந்தவர் அதன் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்பது.

தோட்டப்புறப் பாடசாலைகளிற் கற்பிப்போர் கையில் இன்றும் இப்பணியின் ஒரு பகுதி உளது. கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டிமார் பலர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் மாணவரை அனுப்பலாம். பாட்டை மட்டும் எழுதிவந்தாற் போதாது. பாடியவரின் பெயரும், தோட்டமும், அவர் எத்தனை வயதில் மலையேறினார் என்பதும் அக்கொப்பியில் இருத்தல் வேண்டும்.