பணியிட மொழியும் புலம்பெயர் தொழிலாளர் உரிமையும்: தென்சென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பணியிடத்தில் எம்மொழி வழங்க வேண்டும் என்னும் வினா, தமிழகத்தில் பெரும்பாலும் அரசு அலுவலகத்தையும் போட்டித் தேர்வையும் சுற்றியே எழுந்துள்ளது. கட்டுமானத் தளத்தையும் உணவகச் சமையற்கட்டையும் துணிக்கடைக் கிடங்கையும் அது எட்டவில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இவ்விடங்கள் இன்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரின் உழைப்பால் இயங்குகின்றன. அவர்கள் தமிழ் அறியாமை அவர்களது குறையாகவே எண்ணப்படுகிறது. இந்தியத் தொழிலாளர் சட்டமோ, புரியும் மொழியில் சொல்லும் கடமையை வேலை கொடுப்பவர்மீது வெகுகாலத்திற்கு முன்பே சுமத்தியது. அக்கடமை எவ்வளவு தூரம் சென்று எங்கே நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரும்பான்மையோர் மொழி

1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், அதன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர் மொழியிலும் தொழிற்சாலையில் ஒட்டி வைக்க வேண்டும் என்றது. நிலையாணைகளைப் பற்றிய 1946ஆம் ஆண்டுச் சட்டமும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஏறத்தாழ இதே அளவுகோலைக் கைக்கொண்டன. உள்ளூரார் மிகுந்த ஆலைக்கு இது பொருந்தியது. ஆனால் பெரும்பான்மையை அளவுகோலாகக் கொள்ளும்போதே சிறுபான்மை மொழியினர் அறிவிப்புப் பலகைக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். புலம்பெயர்ந்து வருபவர் பல இடங்களில் அந்தச் சிறுபான்மையினரே.

இவ்வளவுகோலை மாற்றியது 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம். ஒடிசாவில் முன்பணம் கொடுத்து ஆள்சேர்த்துத் தொலைதூரத்திற்கு அனுப்பிய 'தாதன்' முறையின் கொடுமைகளே அச்சட்டத்திற்குப் பின்புலம். அதன் 12ஆம் பிரிவின்படி ஒப்பந்ததாரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கையேடு ஒன்று வழங்க வேண்டும். வேலையின் இடமும் காலமும், கூலி விகிதம், இடப்பெயர்ச்சிப் படி, திரும்பிச் செல்லும் கட்டணம், பிடித்தங்கள் ஆகியன அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இடம்பெற வேண்டும். தொழிலாளியின் மொழி இவ்விரண்டும் அல்லவெனில் அவர் மொழியிலும் இடம்பெற வேண்டும். தளத்தில் ஒடியா பேசுபவர் ஒருவரே எனினும் அவருக்கு ஒடியாவில் எழுதித் தர வேண்டும். கூலி பற்றிய வழக்கு எழும்போது சான்றாக நிற்கக்கூடிய ஏட்டை அவரே படித்தறிய இயலும் என்பதே இதன் பயன்.

இடையாளின் மொழி

மொழி தெரிந்தால் நீதி கிடைத்துவிடும் எனக் கொள்வதற்குத் தமிழரின் சொந்தப் புலம்பெயர்வு வரலாறே தடையாக உள்ளது. இலங்கைத் தோட்டங்களில் வேலை கொடுத்த வெள்ளையரே தொழிலாளர் மொழியைக் கற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமாருக்கென ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட கையடக்க நூலின் தலைப்பு 'இங்கே வா'. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் கொழும்பில் வெளியிட்ட நூல் 'கூலித் தமிழ்' என்னும் பொருள்படும் பெயர் தாங்கியது. தலைப்புகளே போதும், இத்தமிழ் ஏவலுக்காகக் கற்கப்பட்டது. கடனும் கணக்கும் கங்காணியின் கையில் இருந்தன. தொழிலாளியைக் கங்காணியின் கடனோடு பிணைத்த 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துரைமாரின் தமிழறிவுக்கும் அவ்வொழிப்புக்கும் தொடர்பு காண்பது அரிது. ஆகவே ஏவும் மொழியையும் உரிமை கோரும் மொழியையும் பிரித்தே ஆராய வேண்டும்.

சென்னையில் கங்காணியின் இடத்தில் மேஸ்திரி நிற்கிறார். 'மேஸ்திரி' என்பதும் போர்த்துக்கீசியம் வழிவந்த சொல்லே. கட்டட வேலை இந்நகரில் ஒருமொழித் தொழிலாக இருந்ததில்லை. மண்வேலையிலும் கல்வேலையிலும் தெலுங்கு பேசும் ஒட்டர் நெடுங்காலம் உழைத்தனர். இன்று 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. அதன் மூன்றாம் வழித்தடம் மயிலாப்பூர், அடையாறு வழியாகவும், நான்காம் வழித்தடம் மயிலாப்பூர், பனகல் பூங்கா வழியாகவும் செல்கின்றன. இத்தகைய பெருந்தளத்தில் ஊர்க்காரர் குழுவோடு தங்கி உழைப்பவர் தமிழின்றியே ஆண்டுகளைக் கடத்தலாம். ஆயின் பொறியாளரின் எச்சரிக்கையும் தொழிலாளியின் முறையீடும் ஒரே இடையாளைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. முறையீடு அவ்விடையாளைப் பற்றியதே எனில் அதை மொழிபெயர்க்க யாரும் இல்லை. எழுத்தில் மொழியுரிமை தந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம், பேச்சு வழங்கும் இந்த இடத்தில் கையேட்டோடு நின்றுவிட்டது.

உணவகத்தின் நிலை வேறு. பந்தியில் பரிமாறுபவர் சில மாதங்களிலேயே தமிழ் பழகுகிறார். பழகாதவர் பாத்திரம் கழுவும் பகுதியைத் தாண்டுவதில்லை. மொழித்திறனே இங்குப் பதவி உயர்வாகிறது. எனினும் அதைக் கற்பதற்கான நேரமும் செலவும் தொழிலாளியையே சார்ந்தவை. மேலும், உறவினர் வழியாக வந்து முதலாளியிடம் நேரடியாகச் சேர்ந்த இவர்கள், ஒப்பந்ததாரர் வழி வந்தோரை மட்டுமே கருதிய 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரவே இல்லை.

இந்தி என்னும் பொதுப்பெயர்

வடபுலத்தார் அனைவரையும் 'இந்திக்காரர்' என அழைக்கும் வழக்கு, போஜ்புரி, மைதிலி, சந்தாலி, ஒடியா, வங்காளம், அசாமியம் ஆகியவற்றை ஒன்றாக்கி மறைக்கிறது. 1937 முதல் 1965 வரையிலான மொழிப் போராட்டங்கள், பிறர் மொழியில் போட்டியிட நேர்வோர் பின்தங்குவர் என்று வாதிட்டன. அவ்வாதத்தைத் தமிழ் அறியாத தொழிலாளிக்கும் நீட்டிப் பார்த்த ஆய்வுகள் மிகுதியாக வரவில்லை என்பது வியப்பிற்குரியது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசின் குழு தமிழகத்திற்கு வந்து நிலைமையைக் கேட்டறிந்தது. மொழியால் உள்ளூரோடு ஒட்டாதவருக்கு வதந்தியைச் சரிபார்க்கும் வழியும் குறைவு என்பதை அந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. நேரடியாகச் சேர்ந்தவரையும் அது புலம்பெயர் தொழிலாளராக ஏற்கிறது. அதே வேளையில், முன்பு ஐவர் என இருந்த வரம்பு புலம்பெயர் தொழிலாளர் பற்றிய பகுதிக்குப் பதின்மராக உயர்ந்துள்ளது. ஆறு புலம்பெயர் தொழிலாளர் நேரடியாகச் சேர்ந்து வேலை பார்க்கும் மயிலாப்பூர் மெஸ் ஒன்று, முன்பு ஒப்பந்ததாரர் இல்லாமையால் சட்டத்துக்கு வெளியே இருந்தது. இப்போது ஆள் எண்ணிக்கை குறைவதால் அப்பகுதிக்கு வெளியே இருக்கிறது.