கல் மூழ்கும், உலோகத் தாது மிதக்கும்: 'நுரை மிதப்பு' எப்படி வேலை செய்கிறது, அதன் விலை என்ன?

ப்ளஸ் டூ வேதியியலில் 'நுரை மிதப்பு முறை' என்று ஒரு கேள்விக்கு பதில் எழுதியிருப்பீர்கள். பைன் எண்ணெய், சாந்தேட், சோடியம் சயனைடு என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்து, படம் வரைந்து, மதிப்பெண் வாங்கி, அதோடு மறந்தும் இருப்பீர்கள். ஆனால் இப்போது நீங்கள் படிக்கும் போனுக்குள் இருக்கும் தாமிரம் பெரும்பாலும் அந்த நுரையில் மிதந்து வந்ததாகத்தான் இருக்கும். தாமிரம், துத்தநாகம், ஈயம், நிக்கல், பேட்டரிக்கான கிராஃபைட் என்று பலவற்றுக்கும் கல்லிலிருந்து வெளியே வரும் வழி இதுதான்.

மின்சார வாகனம், சோலார், டேட்டா சென்டர் என்று எங்கே பார்த்தாலும் தாமிரத் தேவை ஏறிக்கொண்டிருக்கிறது. தரமான தாதுவோ குறைந்துகொண்டே போகிறது. அதனால் அந்தப் பழைய பாடத்தை இன்னொரு முறை புரட்டுவோம்.

முதலில், பிரச்சினை என்ன?

சுரங்கத்திலிருந்து தாமிரம் கட்டி கட்டியாக வருவதில்லை. வருவது கல். உலகின் பல பெரிய தாமிரச் சுரங்கங்களில் அந்தக் கல்லில் இருக்கும் தாமிரம் சுமார் 1 சதவீதம், சில இடங்களில் அதற்கும் கீழே.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ கல்லில் 10 கிலோ தாமிரம். மொத்தக் கல்லையும் உலையில் போட்டு உருக்கினால் எரிபொருள் செலவுக்கே கட்டுப்படியாகாது. கப்பலில் ஏற்றி அனுப்பவும் முடியாது, 99 சதவீதம் வெறும் கல்லுக்கு யார் வாடகை கொடுப்பார்கள்? எனவே உருக்குவதற்கு முன்பே தாமிரம் இருக்கும் துகள்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பாடப்புத்தகம் இதைத்தான் 'தாதுக்களை அடர்ப்பித்தல்' என்கிறது. அப்படிப் பிரித்தெடுத்த பொருளுக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் கான்சன்ட்ரேட்.

கனமான பொருள் எப்படி மிதக்கும்?

விசித்திரம் இங்கேதான். தாமிரத்தின் முக்கியத் தாதுவான சால்கோபைரைட் தண்ணீரைவிட 4 மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது. அதோடு கலந்திருக்கும் குவார்ட்ஸ் கல் 2.65 மடங்குதான். எடையை வைத்துப் பார்த்தால் தாமிரத் தாதுதான் முதலில் மூழ்க வேண்டும். ஆனால் இந்த முறையில் அது மேலே வருகிறது, கல் கீழே போகிறது.

காரணம் எடை அல்ல, மேற்பரப்பு. தாமரை இலைமேல் தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அதே தண்ணீர் கண்ணாடியில் படர்ந்து ஒட்டும். தாதுத் துகள்களும் அப்படித்தான். தண்ணீர் ஒட்டாத துகளுக்கு ஒரு காற்றுக்குமிழி கிடைத்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே போகும்போது துகளும் கூடவே போகும். தண்ணீர் ஒட்டும் துகளைக் குமிழியால் பிடிக்க முடியாது, அது கீழேயே தங்கிவிடும்.

ஆலைக்குள் என்ன நடக்கிறது?

1. அரைத்தல்: கல்லை உடைத்து, இரும்பு உருண்டைகள் போட்டுச் சுழலும் பெரிய உருளைகளில் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். கிரைண்டரில் மாவு அரைப்பது மாதிரிதான். துகள் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே வர வேண்டும். அப்போதுதான் தாதுவும் கல்லும் தனித்தனியாக விடுபடும். ஆலையின் மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது இந்தக் கட்டம். அளவுக்கு மேல் நைசாக அரைத்தாலும் சிக்கல்: மிக நுண்ணிய துகள் குமிழியில் சரியாக ஒட்டாது.

2. சேகரிப்பான்: அரைத்த குழம்பில் சாந்தேட் போன்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். சோப்பு மூலக்கூறு போல இதற்கும் இரண்டு முனை. ஒரு முனை சல்ஃபைடு தாதுவைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனைக்குத் தண்ணீர் ஆகாது. அதாவது, தேவையான துகளுக்கு மட்டும் ஒரு 'தாமரை இலை' மேல்பூச்சு கிடைக்கிறது. ஒரு டன் தாதுவுக்குச் சில பத்து கிராம்களே போதும்.

3. நுரை உருவாக்கி: பைன் எண்ணெய் அல்லது அதுபோன்ற ஆல்கஹால்கள். குமிழி சட்டென்று உடையாமல், மேலே நுரையாக நிற்க இது உதவுகிறது.

4. காற்று: தொட்டியில் காற்றைச் செலுத்திக் கலக்குகிறார்கள். கருமையும் பளபளப்புமான நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிகிறது. அதைச் சேகரித்து, வடிகட்டி, உலர்த்தினால் கான்சன்ட்ரேட் தயார்.

1 சதவீதமாக இருந்த தாமிரம் இப்போது 20 முதல் 30 சதவீதம். இத்தனையும் அறை வெப்பநிலையிலேயே, நெருப்பே இல்லாமல்.

சயனைடு எதற்கு?

ஒரே கல்லில் ஈயமும் துத்தநாகமும் கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே மிதக்கும். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் உள்ள ஜாவர், பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா அகுச்சா சுரங்கங்களில் இருப்பது இத்தகைய ஈய-துத்தநாகத் தாதுதான்.

இதற்கு வழக்கமான தீர்வு, ஒன்றை மட்டும் தற்காலிகமாக மூழ்க வைப்பது. சோடியம் சயனைடு, துத்தநாக சல்ஃபேட் ஆகியவற்றை மிகச் சிறிய அளவில் சேர்த்தால் துத்தநாகத் தாது மிதக்காமல் அடங்கிவிடும், ஈயம் மட்டும் மேலே வரும். ஈயத்தை வழித்தெடுத்த பிறகு காப்பர் சல்ஃபேட் சேர்த்தால் அடங்கியிருந்த துத்தநாகம் 'விழித்துக்கொண்டு' மிதக்கும். சயனைடைத் தடுப்பானாகப் பயன்படுத்தும் இந்த வித்தை 1920-களில் தொழிலுக்கு வந்தது.

யார் கண்டுபிடித்தது?

ஒருவர் அல்ல. சல்ஃபைடு தாதுக்களை எண்ணெய் தேடிப் பிடிக்கிறது என்பதற்கு 1860-லேயே வில்லியம் ஹேன்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் பெசல் சகோதரர்கள் 1877-ல் குமிழிகளைக் கொண்டு கிராஃபைட்டைப் பிரித்தார்கள். அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண் எண்ணெயும் அமிலமும் சேர்த்துத் தாதுவைப் பிரிக்கும் முறைக்கு 1886-ல் காப்புரிமை பெற்றார். தொழில்துறை அதன் அருமையை உணர்வதற்குள் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. அவருக்குப் பெரிய பணம் எதுவும் வந்து சேரவில்லை.

1898-ல் பிரிட்டனின் எல்மோர் ஏராளமான எண்ணெயைக் கொட்டித் தாதுவை மிதக்க வைத்தார். இங்கே எண்ணெய்தான் படகு, தாது பயணி. எண்ணெய்ச் செலவு கழுத்தை நெரித்தது. உண்மையான திருப்பம் 1905-ல் வந்தது. லண்டனின் மினரல்ஸ் செப்பரேஷன் நிறுவனத்தினர், எண்ணெயைத் தாது எடையில் 1 சதவீதத்துக்கும் கீழே குறைத்துவிட்டு நன்றாகக் கலக்கிக் காற்றேற்றினால் இன்னும் நல்ல பலன் வருவதைக் கண்டார்கள். அதுமுதல் படகு காற்று, எண்ணெய் வெறும் பசை. இந்தக் காப்புரிமைக்கான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1916-ல் அந்த நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது.

குப்பை மலை எப்படிச் சொத்தானது?

இந்த முறையின் மதிப்பை உலகுக்குக் காட்டியது ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில். BHP என்று நீங்கள் கேள்விப்படும் நிறுவனத்தின் பெயரே 'ப்ரோக்கன் ஹில் ப்ரொப்ரைட்டரி' என்பதன் சுருக்கம்தான்.

1880-களில் அங்கே வெள்ளியும் ஈயமும் எடுத்தார்கள். துத்தநாகத்தை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் துத்தநாகத் தாதுவும் கூட இருந்த கல்லும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. எடையை வைத்துப் பிரிக்கும் எந்த முறையும் பலிக்கவில்லை. துத்தநாகம் நிறைந்த கழிவு லட்சக்கணக்கான டன் அளவில் மலையாகக் குவிந்தது.

1900-களின் தொடக்கத்தில் மிதப்பு முறை வந்ததும் அந்தக் குப்பை மலை சுரங்கமாக மாறியது. கழிவிலிருந்து துத்தநாகம் எடுப்பதற்கென்றே 1905-ல் ஜிங்க் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் இதில் முக்கியப் பங்கு வகித்தார். அந்த நிறுவனத்தின் வழிவந்த ஒரு கிளை 1962-ல் இணைந்து உருவானதுதான் இன்றைய ரியோ டின்டோ.

சரி, மீதி 96 சதவீதம் எங்கே போகிறது?

பாடப்புத்தகப் படத்தில் வராத பகுதி இது. நம் கணக்குக்கே திரும்புவோம். 1,000 கிலோ கல், 10 கிலோ தாமிரம். அதில் 90 சதவீதம் பிடிபட்டு, 25 சதவீதத் தரத்தில் கான்சன்ட்ரேட் கிடைத்தால் அதன் எடை 36 கிலோ. மீதி 964 கிலோ? தண்ணீரும் மாவு போன்ற கல்தூளும் கலந்த சேறு. இதன் பெயர் டெயிலிங்ஸ். பெரும்பாலும் அணை கட்டி அதற்குள் தேக்கி வைக்கிறார்கள். சுரங்கம் மூடிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2014 ஆகஸ்ட் 4 அன்று கனடாவின் மவுண்ட் பாலி தாமிர-தங்கச் சுரங்கத்தில் இப்படியொரு அணை உடைந்து, கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீரும் சேறும் ஏரிகளில் கலந்தன. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் ப்ருமாடின்யோவில் இரும்புத்தாதுக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2020-ல், டெயிலிங்ஸ் மேலாண்மைக்கான உலகளாவிய தர நெறிமுறை வந்தது.

தாதுவின் தரம் குறையக் குறைய இந்தக் கணக்கு மோசமாகும். 1 சதவீதம் 0.5 ஆனால், அதே தாமிரத்துக்கு இரண்டு மடங்கு கல்லை அரைக்க வேண்டும். இரண்டு மடங்கு மின்சாரம், இரண்டு மடங்கு சேறு. மிதப்பு முறை ஏழைத் தாதுவையும் லாபமாக்கியது, அந்த லாபத்தோடு அணையின் உயரமும் ஏறியது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட், ராஜஸ்தானின் கேத்ரி ஆகிய இடங்களில் ஹிந்துஸ்தான் காப்பர் தாது எடுத்து, அங்கேயே மிதக்க வைத்துப் பிரிக்கிறது. ஆனால் நம் தேவைக்கு அது போதாது, கான்சன்ட்ரேட்டை இறக்குமதி செய்கிறோம்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் இறக்குமதியை நம்பித்தான் இயங்கியது. 13 பேர் உயிரைப் பறித்த 2018 மே துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அந்த ஆலை மூடப்பட்டது. அங்கே துறைமுகத்தில் வந்திறங்கியது வேறு நாடுகளில் நுரையில் மிதந்து பிரிந்த தாது. கல்தூள் கழிவு சுரங்கம் இருந்த நாட்டிலேயே தங்கிவிடும். ஆனால் தாதுவோடு பிணைந்த கந்தகத்தை நுரை பிரிக்காது, அது கான்சன்ட்ரேட்டிலேயே வரும், உலையில் சல்ஃபர் டை ஆக்சைடாக வெளியேறும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குவது உருக்காலையின் பொறுப்பு. ஆக, ஒரே உலோகத்துக்கு இரண்டு ஊர்கள் இரண்டு விதமான விலை கொடுக்கின்றன.

சிவகங்கைக்கும் இதில் இடமுண்டு. அங்குள்ள கிராஃபைட் தாதுவில் கார்பன் சராசரியாக 14 சதவீதம். தமிழ்நாடு கனிம நிறுவனமான டாமின், அதை மிதப்பு முறையில் தரம் உயர்த்துகிறது. கிராஃபைட் இயல்பிலேயே தண்ணீர் ஒட்டாத பொருள் என்பதால் மிதக்க வைப்பது எளிது. லித்தியம்-அயன் பேட்டரியின் எதிர்மின்முனை கிராஃபைட்டால் ஆனது. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் கிராஃபைட்டும் தாமிரமும் உள்ளன. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிம இயக்கம், பழைய டெயிலிங்ஸிலிருந்து கனிமங்களை மீட்பதையும் தன் வேலையாகச் சொல்கிறது. ப்ரோக்கன் ஹில் கதை இங்கேயும் நடக்கலாம்.

அடுத்த முறை செய்தி படிக்கும்போது...

'புதிய கனிமப் படிவம் கண்டுபிடிப்பு, இத்தனை மில்லியன் டன்' என்று தலைப்பு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

- அந்த டன் கணக்கு கல்லுக்கா, உலோகத்துக்கா? தரம் எத்தனை சதவீதம்?
- ஒரு டன் தாதுவை மிதக்க வைக்கப் பொதுவாகச் சுமார் 2 டன் தண்ணீர் சுற்றில் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், எவ்வளவு திரும்பப் பயன்படும்?
- டெயிலிங்ஸ் எங்கே தேங்கும், அணைக்குக் கீழே எந்த ஊர் இருக்கிறது, சுரங்கம் மூடிய பிறகு பராமரிப்புச் செலவு யாருடையது?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியில் பாதிக் கதைதான் இருக்கிறது.