பந்தயக்காரர் கணக்கும் பெரியம்மா ஓட்டும்



தேர்தல் முடிவைப் பந்தயப் பணம் முன்கூட்டியே காட்டிவிடும் என்று எதிரணி நண்பர் பேசினார். வாயால் பேசுகிறவன் எதையும் பேசுவான், காசு கட்டுகிறவன் யோசித்துத்தான் கட்டுவான் என்றார். ஈப்போ குதிரைப் பந்தயத் திடலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் இது பழைய வியாபாரம். 1884 முதல் 1940 வரை பதினைந்து அதிபர் தேர்தல்களுக்கு நியூயார்க்கில் பெரிய அளவில் பந்தயம் நடந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே பந்தயத்தில் தெளிவாக முந்தி நின்றவர் பிறகு தோற்றது ஒரே முறைதான், 1916-இல். 2024-இல் கல்ஷி என்ற நிறுவனம் நீதிமன்றத்தில் வழக்காடி வென்று, காங்கிரஸ் சபைகளை எந்தக் கட்சி பிடிக்கும் என்று சீட்டு விற்றது. சொன்ன கட்சி வென்றால் சீட்டுக்கு ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு 60 சென்னுக்கு விலை போனால், வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 60 என்று பொருள். ஆனால் 2022-இல் செனட் சபை குடியரசுக் கட்சிக்கே என்று இத்தகைய சந்தைகள் சாய்ந்தன. அதை ஜனநாயகக் கட்சி விட்டுக்கொடுக்கவில்லை.

நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. இருந்தாலும் ஒரு கற்பனை. 2008 பிப்ரவரியில் சுங்கை சிப்புட்டில் இப்படி ஒரு சீட்டு விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும்? துன் வீ.தி. சம்பந்தன் வைத்திருந்த தொகுதி அது. 1974 முதல் டத்தோஸ்ரீ சாமிவேலுவின் கோட்டை. 1979 முதல் அவர் அமைச்சர். எதிரே நின்ற டாக்டர் மைக்கல் ஜெயகுமார் தேவராஜோ, 1999-லும் 2004-லும் அவரிடமே தோற்றவர். டாக்டர் பெயரில் சீட்டு பத்து சென்னுக்காவது போயிருக்குமா?

தோட்டத்து ஒட்டுக்கடையில் வேறு பேச்சு. ரப்பர் போய் லயம் காலியாகிறது, வீட்டுக்கு வழியில்லை என்ற கவலை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் திரண்ட கூட்டத்தைப் பற்றிய பேச்சு. என் பெரியம்மா பால்மரம் வெட்டியவர். தராசுச் சின்னத்தைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அந்த மார்ச் 8-ஆம் தேதி காலையில் போய்விட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன். "போட்டாச்சுய்யா" என்றார், அவ்வளவுதான். பந்தயம் கட்ட அவரிடம் பத்து வெள்ளி கிடையாது. அவர் மனசு எந்தச் சந்தையில் விலையாக ஏறும்?

டாக்டர் 1,821 வாக்குகளில் வென்றார். பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் எதிர்க்கட்சிகளுக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. 1969-லேயே 40 இடங்களில் 19-தான் கூட்டணிக்குக் கிடைத்தது. அதை நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் மட்டும் அன்று அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். ஓட்டுப் பெட்டியைத் திறக்காமலே பேராக் ஆட்சி மாறியது. ஐந்தாண்டுக்குப் பேராக்கை ஆளப்போவது யார் என்று 2008-இல் சீட்டு வாங்கியிருந்தால், அந்த ஆள் ஜெயித்தவரா, தோற்றவரா? எதிரணி நண்பர் அந்தச் சீட்டுக்கு எத்தனை சென் தருவார் என்று நடுவர் அவர்களே கேட்டுச் சொல்லட்டும்.