பனிப்புயலும் பாடசாலைக் கதவும்: அமெரிக்கச் சமூக மனப்பாங்கு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதி மாநிலங்களில் வாழும் சிறுவரிடையே வேடிக்கையான வழக்கம் ஒன்று உண்டு. மறுநாள் கடும்பனி கொட்டும் என்று கேள்விப்பட்டால், இரவு உடையின் உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி அணிந்து, தலையணையின் கீழ்க் கரண்டி ஒன்றை வைத்துவிட்டு உறங்கச் செல்வர். அவ்வாறு செய்தாற் காலையிற் பாடசாலை மூடப்படும் என்பது அவர்தம் நம்பிக்கை. வெள்ளக் காலத்தில் விடுமுறை அறிவித்தலை எதிர்பார்த்து வானொலிக்கு அருகே காத்திருந்த நம்மவர்க்கு இவ்வாசை விளங்காத ஒன்றன்று. ஆயின் இவ்விளையாட்டின் பின்னணியில் நீண்டதொரு வரலாறு உள்ளது. பாடசாலையை மூடும் அதிகாரம் யாருக்குரியது, மூடுவதனால் யார் காக்கப்படுகின்றனர், யார் இழக்கின்றனர் என்னும் வினாக்களுக்கு அமெரிக்கச் சமூகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றுக்கொன்று முரணான விடைகளையே அளித்து வந்துள்ளது.

நமக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்றை முதலிற் கூறல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கிராமங்களிற் பனிக்காலம் பாடசாலையை மூடும் காலமன்று, திறக்கும் காலமேயாகும். விதைப்பும் அறுவடையும் நடைபெறும் மாதங்களில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் வயலில் வேண்டப்பட்டனர். நிலம் உறைந்த பின்னரே அவர்கள் ஏட்டைத் தொட்டனர். கட்டாயக் கல்விச் சட்டம் 1852இல் மசச்சூசற்ஸ் மாநிலத்திலே தோன்றி, 1918இல் மிசிசிப்பியுடன் நாடு முழுவதையும் தழுவியதெனினும், கிராமத்திற் சட்டத்தினும் வயலே வலிதாயிருந்தது. பனிக்காலத்தில் ஒரு நாளை இழப்பது கல்விக்கென ஒதுக்கப்பட்ட சில மாதங்களில் ஒரு நாளை இழப்பதாகும். பாடசாலையோ ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டது. பிள்ளைகள் நடந்தே வந்தனர். பனி மிகுந்தால் அனுப்புவதா இல்லையா என்பதைத் தந்தை தீர்மானித்தார். வந்தவர்க்குக் கற்பிப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்பதை ஆசிரியை தீர்மானித்தாள். இவ்விருவருக்கும் மேலாக ஓர் அதிகாரம் இதிற் தலையிடலாம் என்ற எண்ணமே அன்று அரிதாயிருந்தது.

இந்நிலையின் விளைவை 1888 ஜனவரி 12 ஆம் நாள் காட்டியது. 1862 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் குடும்பம் ஒன்றுக்கு 160 ஏக்கர் நிலம் அளித்தமையால் நெப்ராஸ்கா, டக்கோட்டாப் பகுதிகளின் புல்வெளிகளிற் ஜேர்மானியரும் நோர்வேயரும் பிறரும் குடியேறியிருந்தனர். கடுங்குளிர் நிலவிய பல நாள்களின் பின் அன்று காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் பலர் தடித்த மேலங்கியின்றிப் பாடசாலை சென்றனர். பின்னர் வடமேற்கிலிருந்து எழுந்த புயல் சில நிமிடங்களிற் பகலை இருளாக்கியது. மாவைப் போன்ற நுண்பனி கண்ணையும் மூச்சையும் அடைத்தது. டக்கோட்டாவிற் பாடசாலை நேரத்திலும், கிழக்கு நெப்ராஸ்காவிற் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்திலும் அது தாக்கியமையே அழிவைப் பெருக்கியது. இறந்தோர் தொகை 235 எனப் பொதுவாகக் கூறப்படும். அவருட் பலர் சிறுவர். ஆதலின் 'பிள்ளைகளின் பனிப்புயல்' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது.

அக்காலத்தில் வானிலை அறிவித்தல் இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவின் கையில் இருந்தது. குளிரலை பற்றிய எச்சரிக்கை தந்திவழி அனுப்பப்பட்டபோதும் அது புகையிரத நிலையங்களுக்கு அப்பாற் செல்ல வழியில்லை. புல்வெளியின் நடுவே நின்ற பாடசாலைக்கு அதனை யார் கொண்டு செல்வது? எனவே அன்று ஒவ்வோர் ஆசிரியரும் தனித்து நின்று தீர்மானித்தனர். டக்கோட்டாவின் மெனனைற் குடியிருப்பு ஒன்றிற் பாடசாலையை விட்டு வெளியேறிய ஐந்து சிறுவர் வழிதவறி உறைந்து மாண்டனர். நெப்ராஸ்காவின் பிளேன்வியூவில் எரிபொருள் தீர்ந்தமையால் லோயிஸ் றொய்ஸ் என்ற இளம் ஆசிரியை மூன்று பிள்ளைகளுடன் அண்மையிலிருந்த தம் விடுதிக்குப் புறப்பட்டார். அச்சிறு தூரத்தையும் கடக்க முடியவில்லை. பிள்ளைகள் மூவரும் அவரருகிலேயே இறந்தனர். அவர் கால்களை இழந்தார். அதே மாநிலத்தின் மிரா பள்ளத்தாக்கிலோ கூரையைக் காற்றுப் பறித்த பின்னர் மின்னி பிறீமன் என்ற ஆசிரியை தம் மாணவர் அனைவரையும் பண்ணை வீடொன்றுக்கு உயிருடன் கொண்டு சேர்த்தார்.

பின்னைய ஆசிரியையைப் பற்றியே நாடு பாடியது. அவர் காத்த பிள்ளைகள் பதின்மூவர் என்ற தலைப்புடன் அவ்வாண்டிலேயே ஒரு பாடல் அச்சேறியது. தொகை பதின்மூன்றா, பதினாறா, அதற்கும் மேலா என்பதிற் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. பிள்ளைகளை ஒரு கயிற்றாற் பிணைத்து அழைத்துச் சென்றார் என்ற கதையும் பரவியது. அக்கயிறு உண்மையோ என்பது பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. ஒமகாவின் பத்திரிகை ஒன்று வீராங்கனையருக்கென நிதி திரட்டியது. கால்களை இழந்த றொய்சுக்கும், புற்போரினுள் மூன்று இரவுகள் கிடந்து மீட்கப்பட்டுச் சில வாரங்களில் இறந்த எற்றா ஷற்றக் என்னும் ஆசிரியைக்கும் இந்நிதியிற் பங்கு கிடைத்தது.

இந்நன்றியுணர்வை நாம் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. எனினும் ஒன்று நோக்கற்பாலது. தனியொருத்தியின் துணிவைப் போற்றிய சமூகம், இளம் பெண்ணொருத்தியை அத்தகைய நிலையில் தனியே விட்டது யார் என்று கேட்கவில்லை. அழிவு இறைவன் செயலாகவும் மீட்பு வீராங்கனையின் செயலாகவும் கொள்ளப்பட்டபோது இடையில் நிற்கவேண்டிய சமூகப் பொறுப்பு மறைந்து போயிற்று. கயிற்றுக் கதை இத்துணை விரும்பப்பட்டமைக்கும் இதுவே காரணம் என எண்ணத் தோன்றுகிறது: எல்லோரையும் பிணைக்கும் ஒழுங்கு ஒன்று இருந்தது என்ற ஆறுதலை அது அளித்தது.

இதே மனப்பாங்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளின் பின்னரும் மாறவில்லை என்பதற்குக் கொலறாடோவிற் ரவுனர் என்னும் சிற்றூருக்கு அண்மையில் 1931 மார்ச் 26இல் நிகழ்ந்த துயரம் சான்றாகும். இப்பொழுது பஸ் வண்டி வந்துவிட்டது. காலையிற் பாடசாலைக்கு வந்த இருபது பிள்ளைகளைப் புயலின் அறிகுறி கண்டு உடனே வீட்டுக்குத் திருப்பி அனுப்புமாறு ஆசிரியர் இருவர் தீர்மானித்தனர். உடைந்த சாளரங்களில் அட்டை பொருத்தப்பட்டிருந்த அவ்வண்டி வழிதவறிப் பனியிற் சிக்கியது. உதவி தேடி நடந்த சாரதி கார்ல் மில்லர் உறைந்து இறந்தார். பிள்ளைகளில் ஐவர் மாண்டனர். பத்திரிகைகள் பிறயன் அன்ரீட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனை வீரனாக்கின. ஜனாதிபதி ஹூவர் அவனை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்தினனாக வைத்திருந்தார். உயிர் தப்பிய வேறு சிலர் ஒருவனை மட்டும் உயர்த்தியமையைப் பின்னாளில் ஏற்கவில்லை. இங்கே பிள்ளைகளைக் கொன்றது பாடசாலையைத் திறந்து வைத்தமையன்று. அதனை இடைநடுவில் மூடியமையே. மூடுதல் என்பது எப்போதும் காத்தலாகாது என்னும் கசப்பான பாடம் இதில் உண்டு.

ஆயினும் காலம் பஸ் வண்டியின் பக்கமே இருந்தது. 1910களில் ஏறக்குறைய இரண்டு இலட்சமாயிருந்த ஓரறைப் பாடசாலைகள் ஒன்றிணைக்கப்பட்டு மறைந்தன. 1940 அளவில் ஏறத்தாழ 117,000 ஆயிருந்த பாடசாலை வட்டாரங்கள் 1980 அளவில் 16,000 ஆகச் சுருங்கின. 1939இற் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிற் கூடிய மாநாடு பஸ்களுக்கு மஞ்சள் நிறத்தையும் பொது அளவுகளையும் வகுத்தது. நடந்து சென்ற பிள்ளைக்கு மாறாகப் பல மைல் தொலைவிலிருந்து ஏற்றிவரப்படும் பிள்ளை தோன்றியபோதே, பனிநாளில் முழு வட்டாரத்துக்கும் ஒருவர் முடிவெடுக்க வேண்டிய தேவையும் தோன்றியது. அவ்வொருவர் வட்டார அத்தியட்சர். விடியுமுன் எழுந்து, வீதிகளைப் பார்த்து வந்தோரின் சொற்கேட்டு, வானொலி நிலையத்துக்கு அறிவிப்பது அவர் கடமையாயிற்று. தந்தையும் ஆசிரியையும் தமக்குள் முடித்துக்கொண்ட விடயம் பொதுவிடயமாகியது. எனவே குறைகூறுவதற்கும் ஓர் ஆள் கிடைத்தார். மூடினால், தம் காலத்தில் இடுப்பளவு பனியில் நடந்த முதியோர் இன்றைய தலைமுறையின் மென்மையை இகழ்வர். மூடாவிடின், மலைப்பாதையில் வாழும் பெற்றோர் தம் பிள்ளையின் உயிருக்கு யார் பொறுப்பென வினவுவர்.

இப்பிணக்கை வெறும் தலைமுறை வேறுபாடாகக் கொள்வது தவறு. 1946 ஆம் ஆண்டின் தேசிய மதிய உணவுச் சட்டத்தின் பின் பாடசாலை உணவளிக்கும் இடமாயிற்று. தாய்மார் பெருமளவில் வேலைக்குச் சென்ற பின் அது பகற் காப்பகமும் ஆயிற்று. கூலி நாளொன்றை இழக்கமுடியாத குடும்பத்துக்குப் பனி விடுமுறை விடுமுறையன்று.

இதன் கூர்மை 2014 ஆம் ஆண்டிற் புலப்பட்டது. பெப்ரவரி 13இற் பெரும்பனி கொட்டியபோதும் நியூயோர்க் நகரம் தன் 11 இலட்சம் மாணவருக்கான பாடசாலைகளைத் திறந்தே வைத்தது. நகரக் கல்வித் தலைவர் கார்மன் பரீனியா அந்நாளை அழகிய நாள் என வருணித்தமை பெருஞ் சினத்தை எழுப்பியது. அச்சொல் பொருத்தமற்றதே. ஆயினும் பிள்ளைகள் சிலருக்குச் சூடான உணவு கிடைப்பது பாடசாலையில் மட்டுமே என்று நகர நிர்வாகம் காட்டிய காரணத்தை எள்ளி நகையாடியோர், அவ்வுணவுக்கு மாற்று என்னவென்று கூறவில்லை. அதற்கு இரு வாரங்களின் முன், ஜனவரி 28இல், தென்பகுதி நகரமான அற்லான்ராவில் மூன்று அங்குலமும் நிறையாத பனிக்குப் பாடசாலைகளும் அலுவலகங்களும் நண்பகலில் ஒருங்கே மூடப்பட்டன. வீதிகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன, மாணவர் பலர் பாடசாலைகளிலேயே இரவைக் கழித்தனர். ரவுனரின் தவறு மாநகர் ஒன்றில் மீண்டும் நிகழ்ந்ததென்றே கூறலாம். நற்பேறாகச் சுவர்களும் கூரைகளும் இம்முறை உறுதியாயிருந்தன.

மூடுவதனாற் கல்வி கெடுகிறதா என்பதிலும் ஆய்வாளர் ஒருமைப்பட்டிலர். மேரிலாந்து மாநிலத்தை ஆராய்ந்த மார்க்கொற், ஹெமெல்ற் ஆகியோர் பனி மூடல் மிகுந்த ஆண்டுகளிற் தேர்ச்சி குறைந்தமையைக் கண்டனர். மசச்சூசற்சை ஆராய்ந்த ஜோஷுவா குட்மன் 2014இல் வேறு முடிவுக்கு வந்தார்: மூடிய நாள்கள் தேர்வுப் பேறுகளைப் பாதிக்கவில்லை, தனித்தனியே வராதிருந்தமையே பாதித்தது. எல்லோரும் ஒருங்கே இழந்த பாடத்தை ஆசிரியர் ஒருங்கே மீட்கலாம். வகுப்பிற் பாதிப்பேர் வந்து பாதிப்பேர் வராதபோதே அவர் இடர்ப்படுவார். இது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. வண்டியில்லாத வீட்டுப் பிள்ளையே திறந்திருக்கும் பாடசாலைக்கு வரமுடியாது நிற்கும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

கதவை மூடியும் பாடத்தைத் தொடரலாம் என்ற எண்ணம் கணினியுடன் பிறந்ததன்று. 1977 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் இயற்கை வாயுப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஒகையோவின் கொலம்பஸ் நகரம் பெப்ரவரி மாதத்திற் பெரும்பாலான பாடசாலைகளை மூடி, வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் ஆகியவற்றின் வழியே கற்பித்தது. மாணவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறு கட்டடங்களிற் கூடினர். பெருந்தொற்றின் பின்னணியில் நியூயோர்க் நகரம் 2020இற் பனி விடுமுறையையே கைவிட்டு வீட்டிலிருந்து கற்றலை அதன் இடத்தில் வைத்தது. அவ்வொழுங்கு 2024 பெப்ரவரி 13இற் சோதனைக்குள்ளாகியது. பனி பெய்த அக்காலையிற் பாடசாலைகள் மூடியிருந்தன. பிள்ளைகள் திரைகளின் முன் அமர்ந்தனர். ஒரே நேரத்தில் உட்புக முயன்றோரின் தொகையைத் தாங்கமாட்டாது வாயில் அமைப்புச் செயலிழந்தது. வேலைக்குச் செல்லாது வீட்டில் நின்ற தாய்மார் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் இட்டுக்கொண்டிருந்தனர்.