கல்லில் வெட்டிய வரியும் கல்முனை வணிகமும்

அச்சம் நீங்கிய இடத்திலேயே வணிகம் தங்கும் என்பதைப் பண்டை அரசர் அறிந்திருந்தனர். ஆந்திரக் கடற்கரையிலே மோட்டுப்பள்ளி என்னும் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் கி.பி. 1244–45இல் நாட்டிய அபயசாசனம் இதற்குத் தக்க சான்றாகும். புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருள்களை முன்னைய மன்னர் பறித்து வந்தனர் என்றும், தான் அவ்வாறு செய்யாது சுங்கம் மட்டுமே பெறுவதாகவும் அவன் அதில் உறுதி கூறுகின்றான். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. ஈண்டு நாம் கருதவேண்டியது அது கூடியதா குறைந்ததா என்பதன்று. தான் எவ்வளவு கொடுக்க வேண்டும், தன்னிடமிருந்து எது பறிக்கப்படாது என்பவற்றை வணிகன் முன்கூட்டியே அறிந்திருந்தான் என்பதேயாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஈழத்தின் அம்பாறைக் கரையோரத்தை நோக்குதல் பயனுடைத்து. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பன கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி அமைந்த ஊர்கள். நெல்லும் மீனும் கடை வணிகமும் நெசவும் இவற்றின் செல்வத்தை வளர்த்தன. இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட 1970–77 காலப்பகுதியில் மருதமுனைக் கைத்தறித் துணிக்கு நல்ல சந்தை இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தன, கைத்தறி நலிவுற்றது.

அடுத்த ஆண்டே, 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டது. கட்டுநாயக்காவில் முதலீட்டு ஊக்குவிப்பு வலயம் எழுந்தது. அங்கு முதலிடுவோருக்குக் குறித்த சில சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும் ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. விதிகள் முதலீட்டுக்குத் தடையாகலாம் என்பதை அரசு இதனால் ஏற்றுக்கொண்டது எனலாம். ஆயின் அத்தடையை நாடு முழுமைக்கும் நீக்காது, வேலியிட்ட வலயத்துக்கு மட்டுமே நீக்கிற்று. வெளியிலிருந்து வந்த முதலாளிக்குக் கிடைத்த அச்சலுகை, பத்துத் தறிகளை இருபதாக்க விரும்பிய மருதமுனை நெசவாளனுக்குக் கிடைக்கவில்லை.

அந்நெசவாளன் நாடிச் செல்லும் வாயில் உள்ளூராட்சி மன்றமாகும். அவ்வாயிலோ அடிக்கடி மாறியது. 1946ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் தோன்றிய பட்டின சபைகளை, 1980இல் இயற்றப்பட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் நீக்கியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. கல்முனை 2001இல் மாநகர சபையாயிற்று. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை அமைக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாகிச் சில நாட்களுள்ளேயே இடைநிறுத்தப்பட்டது. எல்லைபற்றிய கோரிக்கைகளின் நியாயங்கள் வேறு. ஆயினும், தன் கடைக்கு நாளை எச்சபை உரிமம் வழங்கும் என்பதை அறியாத வணிகன் பெருமுதல் இடத் தயங்குவான் என்பதை மறுப்பதற்கில்லை.

வரியே தடை என்பாருமுளர். பெரும்பாலான தொழில்களுக்கு ஆண்டு உரிமக் கட்டணத்தின் உச்ச வரம்பு, பிரதேச சபைகளில் 1,000 ரூபாவாகவும் மாநகர சபைகளில் 5,000 ரூபாவாகவும் நெடுங்காலம் இருந்துவந்தது. இத்தொகை எவரையும் தடுத்து நிறுத்தாது. தடுப்பது, அத்தொகையைச் செலுத்தும் நிலையை எய்துமுன் கடக்கவேண்டிய வழியாகும். கட்டட அனுமதி, சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பெறவேண்டியுள்ளது. எது முதலில், எத்தனை நாட்களில் என்பது தெரியாதவிடத்து, தெரிந்தவரை நாடும் வழக்கம் வேரூன்றுகிறது.

விதிகளே வேண்டா என்பது இதன் கருத்தன்று. அரிசி ஆலையின் உமித்தூசியிலிருந்து அயலவரைக் காப்பதும் விதியே. ஆனால் விதி இடமறிந்து அமைதல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூர்களை அழித்தபின், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடம் எழுப்பலாகாத வலயமாக அறிவிக்கப்பட்டன. ஒடுங்கிய இக்கரையிலே 200 மீற்றர் என்பது தெருக்கள் பலவற்றையும் உள்ளடக்கும். 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதி தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கடையையோ தறிக்கூடத்தையோ அதே இடத்தில் மீள எழுப்புவதா என்று துணிய முடியாதிருந்தது. உயிர்காக்கும் நோக்குடைய விதியும், மக்களைக் கேளாது வகுக்கப்படின் நிலைப்பதில்லை.

இன்று செய்யத்தக்கன பல, மன்றங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவையே. ஒவ்வோர் உரிமத்துக்கும் வேண்டிய ஆவணங்களையும் கட்டணத்தையும் கால எல்லையையும் தெளிந்த தமிழில் அச்சிட்டு வாயிலில் வைக்கலாம். விண்ணப்பங்களை ஒரே கருமபீடத்தில் ஏற்கலாம். மறுப்பின் காரணத்தை எழுத்தில் தரலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவற்றைக் கேட்கும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்துள்ளது.

முதலீட்டாளன் என்றதும் கடல்கடந்து வரும் அந்நியனையே நாம் எண்ணுகின்றோம். இக்கரையின் இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பும் பணம், பெரும்பாலும் நிலத்திலும் வீட்டிலுமே முடங்குகிறது. நிலமும் வீடும் உரிமத்துக்காக ஆண்டுதோறும் அலைய வைப்பதில்லை. அப்பணம் தறியாகவும் ஆலையாகவும் மாறுமாயின், அவ்விளைஞரின் பிள்ளைகளேனும் பிழைப்புக்காகக் கடல் கடக்க வேண்டியிராது. அதற்குக் கணபதிதேவன் கல்லில் வெட்டி அளித்த உறுதியை, நம் மன்றங்கள் தாளில் அச்சிட்டு அளித்தாலே போதுமானது.