சுங்கமும் வழிக்காவலும்

பாரதத்தின் தலைநகரில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்து விளங்கும் பகுதிக்குச் சாணக்யபுரி என்பது பெயர். நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950ஆம் ஆண்டுகளில் உருப்பெற்ற பகுதி அது. அங்குள்ள சாலைகளும் அரசியல் நூலின் அதிகாரத் தலைப்புகளைப் போலவே பெயர் பெற்றுள்ளன. சாந்தி பத், நீதி மார்க், நியாய மார்க், சத்ய மார்க் என்று செல்லும் அவ்வரிசையில் கௌடில்ய மார்க்கும் ஒன்று. தில்லிக்கு வரும் தமிழர் பலரும் அறிந்த தமிழ்நாடு இல்லத்திற்கு இடம் அமைந்தது இந்தக் கௌடில்யர் பெயர் தாங்கிய சாலையில்தான்.

கௌடில்யர் என்னும் சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம், அரசு குடிகளிடமிருந்து எவ்வெவ்வகையில் பொருள் பெறலாம் என்பதை நுணுகி ஆராயும் நூல். வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அதில் ஒரு சிறு பகுதி மிகவும் நெருக்கமானது. அதுவே சுங்கத்தைப் பற்றிய பகுதி. வீட்டு வாடகை, பள்ளிச் சம்பளம், மளிகைக் கணக்கு ஆகியவற்றை நாம் மாதந்தோறும் எழுதி வைக்கிறோம். ஊருக்குப் போய்வரும் நெடுஞ்சாலையில் சாவடிதோறும் கொடுப்பதையும், வண்டியை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டு வந்தமைக்காகச் செலுத்துவதையும், லாரிக்காரர் வழியில் கொடுத்துவிட்டுக் கத்தரிக்காய் விலையில் நம்மிடம் பெற்றுக்கொள்வதையும் எழுதி வைப்பவர் அரியர். கண்ணுக்குப் புலப்படாத இச்செலவுகளின் வரலாறு மிகப் பழையது. அதனைச் சிறிது நோக்குவோம்.

அர்த்தசாஸ்திரம் உலகிற்கு மீண்டும் கிடைத்ததில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசினர் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்தார். அந்நூலகத்தில் பணியாற்றிய அறிஞர் சாம சாஸ்திரியார் 1905இல் அதன் அருமையை உணர்ந்து, 1909இல் மூலத்தை அச்சிட்டார். நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பண்டை இந்திய அரசியலை அறிய அதனினும் விரிந்த நூல் இல்லை எனலாம்.

அந்நூல் சுங்கத்தை இருவகையாகப் பிரிக்கிறது. நகர வாயிலில் கொடி நாட்டிய சுங்கச் சாலையில், வணிகர் யார், எங்கிருந்து வந்தனர், கொணர்ந்த சரக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, சரக்கின் மதிப்புக்கேற்பப் பெறுவது ஒன்று. இது அரசனுக்குரிய வரி. எல்லைக் காவலன் வழியில் பெறும் 'வர்த்தனி' மற்றொன்று. சரக்கேற்றிய வண்டிக்கு ஒன்றேகால் பணம்; குதிரை, கழுதை போன்ற ஒற்றைக் குளம்புடைய விலங்கிற்கு ஒரு பணம்; மாட்டிற்கு அரைப்பணம்; ஆடு போன்ற சிறு விலங்கிற்குக் கால் பணம்; தோளில் சுமந்து செல்லும் சுமைக்கு ஒரு மாஷகம். திருமணத்திற்கும் வழிபாட்டிற்கும் மகப்பேற்றுச் சடங்கிற்கும் கொண்டு செல்லும் பொருள்களுக்குச் சுங்கம் இல்லை.

இப்பட்டியலை அடுத்து வரும் விதியே நாம் கருதத்தக்கது. வணிகர் வழியில் இழந்ததையும் அவரிடமிருந்து களவாடப்பட்டதையும் அந்த எல்லைக் காவலனே ஈடுசெய்தல் வேண்டும் என்கிறது நூல். வழியில் காவல் தருவதாகக் கூறிக் காசு வாங்கியவன், காவல் தவறினால் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். வரி வேறு, வழிக்கட்டணம் வேறு என்னும் தெளிவு சாணக்கியரிடம் இருந்தது. வரிக்கு நேரடியான கைம்மாறு இல்லை, வழிக்கட்டணத்திற்கு உண்டு.

பழந்தமிழகத்திலும் சுங்கம் புதிதன்று. அதனை 'உல்கு' என்றனர் முன்னோர். அரசனுக்குரிய பொருள்களுள் உல்கையும் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு கொள்ளும் அதிகாரிகள் சோர்வின்றிப் பணி செய்வதையும், பண்டங்களின் மேல் புலிமுத்திரை பொறிக்கப்படுவதையும் காட்டுகிறார். அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் உள்நாட்டுப் பெருவழியையும் காட்டுகிறார். அங்கே மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்கிறது. சுங்கம் பெறும் அப்பெருவழியை வில்லேந்திய வீரர் காத்து நிற்கின்றனர். உல்கும் வில்லும் ஒரே காட்சியில் இடம்பெறுவது சாணக்கியர் விதித்த உறவை நமக்கு நினைவூட்டுகிறது.

1070இல் முடிசூடிய முதற் குலோத்துங்கன் சோழநாட்டில் சுங்கத்தை நீக்கிச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றான். தஞ்சையை அடுத்த கருந்திட்டைக்குடி 'சுங்கந்தவிர்த்த சோழநல்லூர்' என்று வழங்கப்பெற்றது. வென்ற போர்களுக்காகப் பட்டம் புனைந்த மன்னர் பலர். வாங்காமல் விட்ட காசுக்காக மக்கள் நினைவில் நின்றவன் இவன். இவனே 1086இல் நாட்டின் நிலங்களை அளப்பித்தான் என்பதும் கருதத்தக்கது. வழியில் வாங்குவதை விட்டாலும் அரசு நடைபெற வருவாய் வேண்டும். அது வேறிடத்திலிருந்து, அளந்து அறிந்த ஓரிடத்திலிருந்து, வருதல் வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆட்சியில் வழிச்சுங்கம் காவலைத் துறந்து சுமை மட்டுமாக எஞ்சியது. சரக்குடன் செல்பவர் 'ரவானா' என்னும் அனுமதிச் சீட்டைப் பெற்று, சௌகிதோறும் அதனைக் காட்டிச் சோதனைக்கு நிற்க வேண்டியிருந்தது. சீட்டில் ஒரு சொல் பிசகினாலும் சரக்கு நின்றது. அதனை நகர்த்த அடிநிலைச் சிப்பந்தியின் கை நனைய வேண்டியிருந்தது. முன்பு தில்லியில் பணியாற்றிய சார்லஸ் திரெவெலியன் என்னும் இளம் அதிகாரி, 1834இல் வங்காள மாகாணத்து உள்நாட்டுச் சுங்கத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கருவூலத்தைச் சேர்ந்த பணத்தைவிட, தடையாலும் தாமதத்தாலும் கையூட்டாலும் நாட்டின் தொழில் இழந்ததே பெரிது என்பது அவ்வறிக்கையின் சாரம்.

நெசவாளர் நிலை இதற்குச் சான்று. 1835இல் எல்லன்பரோ பிரபு எடுத்துக்காட்டிய கணக்கு இது. பஞ்சுக்கு நூற்றுக்கு 5, நூலுக்கு 7½, துணிக்கு 2½, சாயமிட்டால் மேலும் 2½. ஆக, இந்தியத் துணி இந்தியாவிலேயே நூற்றுக்கு 17½ சுமந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த துணிக்கோ 2½ மட்டுமே. துணி வாங்கிய எளியோன் எந்தச் சௌகியையும் கண்டதில்லை. ஆயினும் அத்தனை சௌகிகளுக்கும் அவனே கப்பம் கட்டினான். வங்காளத்தில் 1836இலும் சென்னை மாகாணத்தில் 1844இலும் இச்சுங்கம் ஒழிக்கப்பட்டது. திரெவெலியன் பின்னர், 1859இல், சென்னையின் ஆளுநராக வந்தார். புதிய வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால் மறு ஆண்டே திரும்ப அழைக்கப்பட்டார்.

எனினும் உப்பின் மீதான தடை நீங்கவில்லை. சிந்து நதியிலிருந்து மகாநதி வரை, தில்லியையும் ஆக்ராவையும் தொட்டுச் சென்ற சுங்கக்கோடு ஒன்று இருந்தது. 1869இல் அதன் நீளம் 2,300 மைல். அதனைக் காத்தவர் ஏறத்தாழ 12,000 பேர். அதன் பெரும்பகுதி முள்மரங்களாலான வேலி. 1879 ஏப்ரல் முதல் நாளில் அக்கோடு கைவிடப்பட்டது. அங்கே காவலர் இருந்தனர். வழிப்போக்கனைக் காப்பதற்கன்று, வரியைக் காப்பதற்கு.

இவ்வனுபவங்களுக்குப் பின்னரே நம் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டது. பாரத நிலப்பரப்பெங்கும் வாணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடைபெறும் என்று 301ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணை, வாகன வரியையும் சுங்கத்தையும் மாநிலங்களின் பட்டியலில் வைத்து, தேசிய நெடுஞ்சாலைகளை மத்திய அரசிடம் அளித்தது. 1956இல் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் பிறந்தது. 1995இல் அதனைத் திருத்தியபின், தனியார் சாலை அமைத்துக் கட்டணம் பெறும் முறைக்கு வாயில் திறந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, வாளையாறு போன்ற எல்லைகளில் வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் காத்துக் கிடந்த நிலை மாறியது. வரிக்கான சாவடிகள் நீங்கின. சாலைக்கான சாவடிகள் நின்றன.

சாலைக்கட்டணத்திற்கு எல்லை எது என்னும் வினா தில்லியிலேயே எழுந்தது. தெற்குத் தில்லியையும் நொய்டாவையும் இணைத்து யமுனையைக் கடக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலை 2001இல் திறக்கப்பட்டது. நொய்டாவில் குடியிருந்து தில்லி அலுவலகங்களுக்குச் சென்ற தமிழரும் நாள்தோறும் அதற்குக் காசு கொடுத்தனர். ஒப்பந்தப்படி அதனை அமைத்த நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 20 வருவாய் உறுதியளிக்கப்பட்டிருந்தது. குறைந்தால் அக்குறை திட்டச் செலவுடன் கூட்டப்பட்டது. மக்கள் கொடுக்கக் கொடுக்கக் கடன் வளர்ந்த விந்தை அது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 2016 அக்டோபர் 26ஆம் நாள் அக்கட்டணத்தை நிறுத்தியது. உச்சநீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் நாள் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

கோவையிலிருந்து கொச்சி செல்வோர் அறிந்த பாலியேக்கரைச் சாவடி மற்றொரு சான்று. திருச்சூரை அடுத்துள்ள அச்சாலை பழுதாகிப் போக்குவரத்து முடங்கியமையால், 2025 ஆகஸ்டு 6ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் கட்டண வசூலை நிறுத்தி வைத்தது. உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அக்டோபரில், நிபந்தனைகளுடன் வசூல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வழி செம்மையாக இல்லையேல் வழிக்கட்டணம் இல்லை என்னும் அம்முடிவைச் சாணக்கியர் கேட்டிருப்பின் வியந்திரார்.

வெளிமாநிலத்தில் குடியேறியோர் மட்டும் சுமக்கும் செலவு ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரு வண்டி பதிவான மாநிலத்திற்கு வெளியே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இருக்குமாயின் புதுப்பதிவு வேண்டும். அதற்குப் பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் வரியும் செலுத்த வேண்டும். முன்பு கட்டிய வரியில் எஞ்சிய பகுதியைத் திரும்பப் பெற விண்ணப்பமும் அலைச்சலும் நம்முடையவை. 2021இல் தொடங்கப்பெற்ற 'பி.எச்.' என்னும் பாரத் வரிசைப் பதிவு, அரசு ஊழியர்க்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள நிறுவனங்களின் ஊழியர்க்கும் இத்தொல்லையைக் குறைத்துள்ளது. இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு வரி செலுத்தினால் போதும். சிறு கடையிலோ பட்டறையிலோ பணிபுரியும் தமிழர்க்கு இவ்வசதி எட்டவில்லை.

மீண்டும் சாணக்யபுரிக்கு வருவோம். அங்குள்ள தூதர்கள் 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி நம் நாட்டின் வரிகள் பலவற்றிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். ஆயினும், குறிப்பிட்ட பணி ஒன்றிற்காகப் பெறப்படும் கட்டணத்திற்கு அவ்விலக்கு இல்லை என்று அவ்வுடன்படிக்கையின் 34ஆம் பிரிவு சொல்லுகிறது. அயல்நாட்டுத் தூதருக்கும் பொருந்தும் இவ்வேறுபாடு நமக்கும் பொருந்துவதே. பணி நடந்ததா என்று கேட்கும் உரிமை, கட்டணம் செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் பாஸ்டேக் வில்லை கட்டாயமாயிற்று. வண்டி நில்லாமல் செல்கிறது. காசு கைமாறுவது தெரிவதில்லை. தொலைபேசியில் வரும் ஒரு வரிச் செய்தியே எஞ்சுகிறது. நேரம் மிச்சமாவது நன்மையே. எனினும் மறைந்திருந்த செலவு மேலும் மறைந்துவிட்டது. ஆதலின் அச்செய்திகளை அழித்துவிடாமல் மாதத்திற்கொரு முறை கூட்டிப் பார்த்தல் நலம். வில்லையில் போதிய பணம் இருந்தும் சாவடியின் கருவி பழுதாயின் கட்டணமின்றிச் செல்லலாம் என்பது 2018 முதல் உள்ள விதி. வழியில் வண்டி பழுதானாலும் விபத்து நேர்ந்தாலும் 1033 என்னும் எண்ணில் நெடுஞ்சாலை உதவியை அழைக்கலாம். நாம் கொடுக்கும் வர்த்தனிக்கு ஈடான காவல் இவை. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களில் வண்டியோட்டுபவர் மட்டுமன்றி, உடன் செல்வோரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.