வெள்ளி கடந்த காலையும் இருண்ட பகலும்

அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லுதல் என்னும் பேச்சு எழும்போது, கோளரங்கங்களும் வானொலியும் தொலைக்காட்சியும் நம் நினைவில் முன்வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றும் நம் நாட்டில் தோன்றாத காலத்திலேயே, சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தில் ஊழியம் புரிந்த ஒருவர் இப்பணியைத் தாமே தலைமேற்கொண்டார். சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்பது அவர் பெயர். நம் வீடுகளில் இன்று அப்பெயர் வழங்குவதில்லை.

அவரை அறிய, அவருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட புதுச்சேரிக்கு முதலில் செல்ல வேண்டும். 1761ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்க இருந்தது. அதனைக் காண்பதற்காக லெ ஜாந்தீய் என்னும் பிரெஞ்சு வானியலார் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிவிட்டது. கப்பல் திரும்பியது; நடுக்கடலில் ஆடிக்கொண்டே அக்காட்சியைப் பார்த்தார்; அளவெடுக்க இயலவில்லை. எட்டு ஆண்டு கீழைநாடுகளிலேயே தங்கி, 1769இல் மீண்டும் வெள்ளி கடக்கும் நாளுக்காகப் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது! இத்துணை அலைச்சலும் எதற்கு என்று கேட்கலாம்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, இடக்கண்ணால் ஒரு முறையும் வலக்கண்ணால் ஒரு முறையும் பாருங்கள். எதிர்ச்சுவரில் விரல் இடம் மாறித் தோன்றும். இரு கண்களின் இடைவெளியும் அந்த மாற்றத்தின் அளவும் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பூமியில் வெகுதொலைவில் அமைந்த இரண்டு ஊர்களே இங்கு இரண்டு கண்கள்; வெள்ளி கட்டைவிரல்; சூரியன் சுவர். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தூரத்தை அளப்பதற்கு அன்று கிடைத்த சிறந்த வழி இதுவே. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தால், பிறகு நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

தாம் வந்த காரியம் கைகூடாத லெ ஜாந்தீய், புதுச்சேரியில் தமிழர்களிடம் வானக்கணிதம் பயின்றார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின் கால அளவைத் தமிழர் கணக்கு 41 வினாடி குறைத்துக் காட்டியதாகவும், ஐரோப்பாவில் பெரிதும் மதிக்கப்பட்ட மேயரின் அட்டவணை 68 வினாடி மிகுத்துக் காட்டியதாகவும் அவரே பதிந்து வைத்தார். 1825இல் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் கிரகணம் கணித்ததை நேரில் கண்டு எழுதியுள்ளார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாய்க் கொண்ட வாக்கியங்களை முணுமுணுத்தும் அவர் கணக்கை முடித்தார். சந்திரனின் நிலையைக் கூற மட்டும் அத்தகைய வாக்கியங்கள் 248 உண்டு. ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்.

ஆகவே வானக்கணிதம் நம் மக்களுக்கு அந்நியமான பொருளன்று. குறை வேறிடத்தில் இருந்தது. கணக்குப் பழையது, நூற்றாண்டுகள் செல்லச்செல்ல வானத்திற்கும் வாக்கியத்திற்கும் சிறிது சிறிதாக இடைவெளி விழுந்தது. அதனை வானத்தையே பார்த்துத் திருத்த வேண்டும் என்று சொல்லப் புறப்பட்டவர் ரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிப்போர் குடும்பத்தில் வந்தவர். வானாய்வுக்கூடத்தில் போக்சன் என்னும் ஆங்கிலேயரிடம் உதவியாளராக இருந்தவர். 1867இல் ரெட்டிகுலம் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரியகிரகணத்தை வனபர்த்தியில் இருந்து ஆராய்ந்தார். 1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. இப்பெருமைகளைக் காட்டிலும் அவர் 1874இல் செய்த காரியமே நம் கருத்தைக் கவர்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் காலையில் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. அதற்கு முன்னதாகவே அவர் ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்தில் மட்டுமன்றிக் கன்னடம், உருது முதலிய நம் நாட்டு மொழிகளிலும் வரச் செய்தார். நூல் உரையாடலாக அமைந்தது. பழைய சித்தாந்தம் கற்றவர் ஐயங்களை எழுப்ப, அவற்றுக்கு விடை வருகிறது. சித்தாந்தியை அறிவிலி என்று எள்ளாமல், அவர் அறிந்த கோள்களையும் கணக்கையும் கொண்டே அவர் அறியாததை விளக்குவது அவர் கைக்கொண்ட வழி. பஞ்சாங்கம் பார்ப்பவரைப் பகடி செய்வது எவர்க்கும் எளிது. அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதற்குப் பொறுமை வேண்டும். 1880இல் அவர் காலமானார். பார்வையால் திருத்திய கணக்கில் அவர் பஞ்சாங்கமும் வெளியிட்டிருந்தார். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆம் நாள் நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் நிகழ்ந்தது. ஒரே வீட்டில் மாமியார் ஒரு பஞ்சாங்கமும் மருமகள் மற்றொன்றும் பார்த்தால் ஒரே பெயர்ச்சிக்கு இரண்டு முறை திருநள்ளாறு போகவேண்டியதுதான்.

ஆச்சாரியார் மறைந்து நூறாண்டு நிறைந்த 1980இல், பிப்ரவரி 16ஆம் நாள், முழுச் சூரியகிரகணம் கர்நாடகக் கரையில் நுழைந்து ஆந்திரத்தின் வழியாக ஒரிசாக் கரையில் வெளியேறியது. ஜபால்-ரங்காபூர் முதலிய இடங்களில் அறிஞர்கள் கருவிகளோடு கூடினர். நகரங்களிலோ வீதிகள் வெறிச்சோடின. வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை கெடும் என்ற எச்சரிக்கை எங்கும் பரவியது. அது மெய்யான எச்சரிக்கையே. ஆயினும் எப்படிப் பார்க்கலாம் என்பதை மக்களிடம் சேர்ப்பார் இல்லை. மருத்துவர் சொன்ன புதிய அச்சமும் பாட்டி சொன்ன பழைய அச்சமும் கைகோத்துக் கதவைச் சாத்தின. தூர்தர்ஷன் அந்நேரத்தில் ஓர் இந்தித் திரைப்படத்தை ஒளிபரப்பி மக்களை வீட்டுக்குள் இருத்தியது. விண்ணின் அரியதொரு காட்சி தலைக்கு மேல் நிகழ, நாடு சினிமாப் பார்த்தது.

பதினைந்து ஆண்டில் நிலை மாறியது. மாற்றியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் மாணவர்களுமே. கேரளத்தில் 1962இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்து, அறிவியலை மலையாளத்தில் எழுதியதோடு நில்லாமல், பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராய் எடுத்துச் சென்றது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. 1987இல் நாட்டின் பல திசைகளிலிருந்தும் கலைக்குழுக்கள் புறப்பட்டு, மூன்றாண்டுக்கு முன் நச்சுவாயுவால் சிதைந்த போபாலில் வந்து கூடின. இவ்வுழைப்பின் பயனை 1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கண்டோம். தீபாவளியை ஒட்டி வந்த அக்கிரகணம் இராஜஸ்தானத்து நீம்-கா-தானா முதல் வங்கத்து டயமண்டு ஹார்பர் வரை ஒரு நிமிட அளவே முழுமை காட்டியது. அந்த ஒரு நிமிடத்திற்காக வயலிலும் மொட்டைமாடியிலும் மக்கள் திரண்டனர். சூரிய வடிகண்ணாடிகள் கைக்குக் கை மாறின. தூர்தர்ஷன் இம்முறை கிரகணத்தையே நேரில் காட்டியது. 2004 ஜூன் 8ஆம் நாளும் 2012 ஜூன் 6ஆம் நாளும் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பள்ளி முற்றங்களில் அட்டைத் துளை வழியே பிள்ளைகள் அதனைப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டைவிட்டு வந்து வாழும் நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்கின்றனர். ஊரிலிருந்து வரும் பாட்டி தமிழில் ராகு, கேது என்கிறார். பேரன் சிரிக்கிறான், பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். சித்தாந்த நூல்களில் ராகுவும் கேதுவும், சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அப்புள்ளிகளின் அருகே அமாவாசை நேர்ந்தால் சூரியகிரகணம், பௌர்ணமி நேர்ந்தால் சந்திரகிரகணம். அதனால்தான் எல்லா அமாவாசையிலும் கிரகணம் வருவதில்லை. இதனை ஒரு தட்டும் எலுமிச்சம்பழமும் கொண்டு இருவருக்கும் ஒருசேரச் சொல்லிவிடலாம். ரகுநாதாச்சாரியாரின் சித்தாந்தி இதற்கு உடனே தலையசைத்திருப்பார்.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் கங்கணச் சூரியகிரகணம் ஒன்று கேரளக் கரையில் நுழைந்து மதுரை வழியாகக் கிழக்குக் கடலைச் சேரும். மே மாதம் நாம் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் மாதம். கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுப்போர் வடிகண்ணாடியையும் மறவாமல் பெட்டியில் வைத்துக்கொள்க. பாட்டிக்கும் சேர்த்தே ஒன்று.